கறுத்த பிள்ளையை மேடைக்குத் தயார்படுத்துவது எப்படி

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சலங்கைப் பூசைக்கு, அதாவது பரதம் படிக்கும் பிள்ளைகள் முதல் முறையாகச் சலங்கை கட்டும் சடங்குக்கு, உதவியாகப் போயிருந்தேன். பின்னறையில் பதினொரு பிள்ளைகள், தலைக்கு மேலே ஒரு டியூப் லைட், எல்லாருக்குமாக ஒரே ஒரு பான்கேக் (மேடை முகப்பூச்சு) டப்பா. அது இளஞ்சிவப்பு. வரிசையில் ஆறாவதாக உட்கார்ந்திருந்த பிள்ளை என்னைப் போல நல்ல கறுப்பு. அந்த இளஞ்சிவப்பைப் பூசி முடித்தபோது அவள் முகம் சாம்பல் அப்பியது போல இருந்தது. கழுத்துக்குப் பூச நேரமில்லை, கைகளுக்குப் பூச டப்பாவில் மிச்சமில்லை. அவள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள், குனிந்து தன் கைகளைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் இருபது நிமிடத்தில் அந்தக் கைகளால்தான் அவள் முத்திரை பிடிக்க வேண்டும்.

நான் எப்போதும் என் பையில் வைத்திருக்கும் பவுண்டேஷன் போத்தலை எடுத்து அவளுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினேன். அன்றிரவுதான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டது "இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது அக்கா?" என்றுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஆறு வயதில் பரதம், ஒன்பது வயதில் பாலே. பரதம் வெள்ளவத்தையில், பாலே கொழும்பு ஏழில். இரண்டு இடத்திலும் நான்தான் வகுப்பிலேயே கறுப்பு. பரத வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் நம்முடைய பிள்ளைகள், ஆனாலும் முன் வரிசை நல்ல நிறமான பிள்ளைகளுக்கே போகும். பாலே வகுப்பில் பறங்கியர், வெளிநாட்டுக் குடும்பங்கள், வீட்டிலேயே ஆங்கிலம் மட்டும் கதைக்கும் பெரிய இடத்துப் பிள்ளைகள். அங்கே எனக்குக் கிடைத்த துணை, தென்னாபிரிக்காவிலிருந்து வேலை நிமித்தம் கொழும்புக்கு வந்த ஒரு குடும்பத்தின் மகள். கறுப்பினச் சிறுமி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டு வருடம் நாங்கள் கடைசி வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இங்கே நான் சொல்லப்போவதில் பாதி, அவளுடைய அம்மா எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று என் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தது. வெள்ளையரின் மேடைகளில் ஏறுவதற்குக் கறுப்பினப் பெண்கள் பட்ட பாடு மிகப் பெரியது, அடிமை முறையையும் நிறவெறிச் சட்டங்களையும் தாண்டி வந்தது, அதை நம்முடைய கதையோடு ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வழிகள் நமக்கும் உதவுகின்றன, ஆகவே அவர்கள் பெயரைச் சொல்லியே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பூச்சு, விளக்கு, உடை, கமரா, பாத்திரத் தெரிவு, இவை எல்லாம் யாரோ ஒருவருடைய தோலை அளவாக வைத்துச் செய்யப்பட்டவை. பிள்ளைக்கு அவை பொருந்தாதபோது அவற்றைத்தான் மாற்ற வேண்டும். பெரியவர்கள் மாற்றாவிட்டால் பிழை தன்னுடைய தோலில்தான் இருக்கிறது என்று பிள்ளை தானாகவே முடிவு செய்துகொள்ளும், அந்த முடிவை எட்டு ஒன்பது வயதிலேயே எடுத்துவிடும், உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

வகுப்பில் சேர்க்கும் முன்

கட்டணமும் நேரமும் விசாரிப்பதற்கு முன் அந்த வகுப்பின் வருட முடிவு நிகழ்ச்சி ஒன்றைப் போய்ப் பாருங்கள். முன்னால் யார், பின்னால் யார், தனி ஆட்டம் யாருக்கு, மரமாகவும் கல்லாகவும் நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு செய்ய முடியாது, இரண்டு மூன்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் பாருங்கள். பிறகு டீச்சரிடம் சாதாரணமாக இரண்டு கேள்வி: மேடைக்கு மேக்கப் யார் போடுவார்கள், பிள்ளைக்குத் தனியாக எங்கள் பூச்சைக் கொண்டுவரலாமா? பாலே என்றால், டைட்ஸ் (காலோடு ஒட்டும் நீள உறை) தோல் நிறத்தில் போடலாமா? பதில் எப்படி வருகிறது என்பதில் நிறைய இருக்கிறது. "ஓ, தாராளமாக" என்று சொல்கிறவரிடம் சேர்க்கலாம். "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தானே வடிவு" என்று சொல்கிறவரிடமும் சேர்க்கலாம், ஆனால் வேலை உங்களுக்குக் கூட இருக்கும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

டைட்ஸும் சப்பாத்தும், தேயிலைச் சாயமும்

பாலேயில் இளஞ்சிவப்பு டைட்ஸ், இளஞ்சிவப்பு சாட்டின் துணிச் சப்பாத்து எதற்கு? இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை கோடு அறாமல் தெரிய வேண்டும் என்பதற்கு. வெள்ளைத் தோலுக்கு அது சரி. கறுத்த பிள்ளைக்கு அதே இளஞ்சிவப்பு இடுப்போடு கோட்டை வெட்டிவிடுகிறது, மேலே ஒருத்தி, கீழே இன்னொருத்தி. நியூயோர்க்கில் ஆர்தர் மிச்சலும் கரல் ஷூக்கும் 1969ஆம் ஆண்டு தொடங்கிய ஹார்லெம் நடன அரங்கம் 1970களிலேயே இதை மாற்றியது, அந்தக் குழுவின் பெண்கள் தங்கள் தங்கள் தோலின் நிறத்துக்கே டைட்ஸையும் சப்பாத்தையும் சாயம் போட்டு ஆடத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடம் பிறந்த குழு அது. 1992இல் அவர்கள் தென்னாபிரிக்காவுக்கு வந்து ஆடியதைப் பார்த்ததாகத்தான் என் சிநேகிதியின் அம்மா சொன்னார். லண்டனில் பெரிய பாலே சப்பாத்துக் கடையான ஃப்ரீட் நிறுவனம், பாலே பிளாக் என்ற குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் முனைச் சப்பாத்து (கால் விரல் நுனியில் நின்று ஆடுவதற்கானது) விற்கத் தொடங்கியது 2018இல்தான். அதுவரை கறுப்பின நடனப் பெண்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சோடியையும் பவுண்டேஷன் பூசித்தான் நிறம் மாற்றினார்கள், இன்றும் பலர் அப்படித்தான்.

நமக்கும் அதே வழி. டைட்ஸுக்குத் தேயிலை. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து எட்டுப் பத்து மேசைக்கரண்டி தூள் தேயிலை போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள், யாரும் குடிக்க முடியாத அளவுக்குக் கடும் சாயமாக வர வேண்டும். நன்றாக வடிகட்டுங்கள், தூள் இருந்தால் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். இரண்டு கரண்டி வினாகிரி விடுங்கள். டைட்ஸை முதலில் வெறும் தண்ணீரில் முழுவதும் நனைத்துப் பிழிந்து பிறகு சாயத்தில் அமிழ்த்துங்கள், உலர்ந்த துணியைப் போட்டால் திட்டுத் திட்டாக வரும். அடுப்பை அணைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே அரை மணி நேரம், அடிக்கடி புரட்டிவிட வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறத்தைவிடக் காய்ந்தபின் வெளிறும், ஆகவே பார்த்ததைவிடக் கொஞ்சம் கடுமையாகவே எடுங்கள். தேயிலை ஒரு முறைக்கு இளம் பழுப்புத்தான் தரும். நல்ல கறுப்புக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும், அதுவும் போதாவிட்டால் நைலோனுக்கு என்று விற்கும் கடும் பழுப்புச் சாயப்பொடிதான் வழி. பழைய டைட்ஸ் ஒன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள். என் அம்மா புதியதிலேயே தொடங்கிவிட்டார், வரிக்குதிரை போல வந்தது, அந்த மாதம் இன்னொன்று வாங்கப் பணமில்லாமல் நான் அதையே போட்டுக்கொண்டு போனேன்.

சப்பாத்துக்கு, பிள்ளையின் கணுக்கால் நிறத்துக்குப் பொருந்தும் மலிவான திரவப் பவுண்டேஷனை ஸ்பொஞ்சால் மெல்லிசாக ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். ஒரே தடவையில் அப்பினால் வெடித்து உதிரும். ஒரு பூச்சு காயவிட்டு அடுத்தது. ரிப்பனையும் இலாஸ்டிக்கையும் மறக்கக்கூடாது, கோட்டை வெட்டுவது பெரும்பாலும் அவைதான். பரீட்சைக்குப் போகும் பிள்ளை என்றால் அந்தப் பரீட்சைச் சபையின் இந்த வருட உடை விதியை டீச்சரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அவர் வழக்கமாகச் சொல்வதை வைத்து இளஞ்சிவப்புத்தான் என்று இருந்துவிடாதீர்கள்.

முகப் பூச்சு

பரதத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் மேடை மேக்கப் என்றால் வெளுப்பாக்குவது என்றுதான் பலர் பழகியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து முக பாவம் தெரிய வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். பாவம் தெரிவது கண்ணாலும் புருவத்தாலும் வாயாலும். கறுத்த முகத்தில் கண்ணின் வெள்ளை எவ்வளவு தூரத்துக்கு எடுத்துக் காட்டும் என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தவர்களுக்குத் தெரியும். அபிநயத்துக்கு அது பெரிய வரம், அதை இளஞ்சிவப்பில் மூழ்கடித்துவிட்டு மையைத் தடிப்பாக இழுத்து ஈடுசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

உங்கள் பிள்ளைக்கு என்று தனியாகப் பூச்சு வாங்கி வையுங்கள். கடையில் கைக்குப் பின்புறத்தில் பூசிக் காட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம், கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தாடை ஓரத்தில், கழுத்தோடு சேரும் இடத்தில் மூன்று நிறத்தைக் கோடாகப் பூசிக்கொண்டு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது மறைந்துபோகிறதோ அதுதான் அவளுடையது. கறுத்த தோலில் அநேகமாகச் சிவப்போ மஞ்சளோ உள்ளே ஓடும், ஆகவே பொன் கலந்த பழுப்பு, செம்பழுப்பு என்று தேடுங்கள். இளஞ்சிவப்பு கலந்த எதுவும் விளக்கின் கீழ் சாம்பலாகத்தான் மாறும். ஒரே நிறத்தில் முழு முகத்தையும் மெழுகாமல், நெற்றியோரமும் கன்னத்தின் கீழும் ஒரு படி கடுமையானதையும், மூக்குத்தண்டிலும் கன்ன மேட்டிலும் ஒரு படி இளகியதையும் வைத்தால் முகம் தட்டையாகத் தெரியாது. கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் அதன்மேல் வெளிர் நிறத்தைப் பூசக்கூடாது, நீலம் பாய்ந்தது போலத் தெரியும். முதலில் செம்மஞ்சள் கொஞ்சம் தொட்டு, அதன்மேல் பவுண்டேஷன்.

பவுடரில்தான் எல்லாம் கெட்டுப்போகும். அவ்வளவு நேரம் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் குழந்தைப் பவுடரைக் கொட்டுவார்கள். அதுவும் வெள்ளை, நிறமில்லாதது என்று விற்கும் பல பவுடர்களும் ஃபிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டாகத் தெரிவன. நிறமுள்ள பவுடரை வாங்கி, வீட்டில் போட்டுவிட்டு இருட்டறையில் ஃபிளாஷ் அடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. கன்னத்துக்கு இளம் ரோஸ் எடுபடாது, செங்கல் நிறம் அல்லது கடும் செம்மஞ்சள். உதட்டுக்குக் கடும் சிவப்பும் அரக்கும் அள்ளிக்கொண்டு போகும். கைவிரல்களுக்கும் பாதத்துக்கும் வைக்கும் சிவப்பை இரண்டு முறை வையுங்கள், ஒரு முறைக்குத் தெரியாது. பிறகு காது, கழுத்து, முதுகின் மேற்பகுதி. இவ்வளவும் சரியாக இருந்தால் கைகளுக்கு எந்தப் பூச்சும் தேவைப்படாது. முகமும் கையும் ஒரே பிள்ளையுடையதாக இருக்கும்.

மேக்கப் போட வருபவரோடு சண்டை வேண்டாம். அரங்கேற்றம் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு நாள் ஒத்திகைக்கு வரச் சொல்லுங்கள். "அக்கா, பிள்ளைக்கு இந்தப் போத்தல்தான் ஒத்துக்கொள்ளும், இதையே போடுங்கள், கழுத்தோடு பொருந்த வேண்டும்" என்று முதலிலேயே கொடுத்துவிடுங்கள். "கொஞ்சம் கலர் ஏத்தினால் ஸ்டேஜில் எடுப்பாக இருக்கும்" என்று அவர் பிள்ளைக்கு முன்னால் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். "எங்களுக்கு அவள் நிறம்தான் வேண்டும்" என்று பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். அந்த வசனம் மேக்கப் அக்காவுக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

விளக்கும் கமராவும்

இதை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் பாதி வித்தியாசம் இங்கேதான். ராமகிருஷ்ண மிஷன் மண்டபமோ, சரஸ்வதி மண்டபமோ, கதிரேசன் மண்டபமோ, லயனல் வென்ட்டோ, எங்கே என்றாலும் விளக்குப் போடுபவர் ஒருவர் இருப்பார், அவரிடம் முன்கூட்டியே போய்க் கதையுங்கள். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே முக்கியம். நேர் முன்னாலிருந்து மட்டும் அடித்தால் முகம் தட்டையாகிவிடும், பின்னால் கறுப்புத் திரை இருந்தால் தலைமுடியும் தோளும் திரையோடு கரைந்துபோகும். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னால் உயரத்திலிருந்து ஒன்று கேளுங்கள், தோளிலும் கன்னத்திலும் ஒளிக்கோடு விழுந்து உருவம் அப்படியே எழுந்து நிற்கும். நிறத்தில் மஞ்சள் கலந்த அம்பரும் இளம் ஊதாவும் நன்றாக ஒத்துப்போகும். பச்சை வேண்டவே வேண்டாம், அது முகத்தின் களையையே எடுத்துவிடும். ஒத்திகையில் பத்து நிமிடம் பிள்ளையை உடையோடு நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "தம்பி, அவளுடைய கண் கடைசி வரிசைக்குத் தெரிகிறதா?" என்று கேட்டால் போதும், தங்கள் வேலையில் அக்கறை உள்ளவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கமராவுக்கும் இதே கதைதான். முந்தைய காலத்தில் கலர் ஃபிலிம் கழுவும் இடங்களில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கோடக் நிறுவனம் ஒரு படம் கொடுத்திருந்தது, ஷெர்லி அட்டை என்று பெயர், அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நாங்கள் சிறுவயதில் எடுத்த குழுப் படங்களில் நான் பல்லும் கண்ணுமாக மட்டும் இருப்பதற்கு என் தோல்தான் காரணம் என்று எவ்வளவு காலம் நினைத்திருந்தேன்! இன்றும் குழுப் படத்தில் பக்கத்தில் வெள்ளை உடையோ நல்ல நிறமான பிள்ளையோ இருந்தால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். போனில் எடுக்கும்போது கறுத்த பிள்ளையின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு எடுங்கள். கூலிக்கு எடுப்பவரிடம் "அவளுடைய முகத்துக்கு அளவு வையுங்கள்" என்று சொல்லுங்கள், அப்புறம் எடிட் செய்யும்போது வெளுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து. வென்ட் அரங்கம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்த லயனல் வென்ட் 1944இல் இறந்தவர், நம் நாட்டு மக்களின் கறுத்த மேனியில் வெளிச்சம் வழுகி விழுவதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அந்தப் படங்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தான் ஆடப்போகும் மண்டபத்தின் பெயருக்குப் பின்னால் அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எந்தப் பாத்திரம் யாருக்கு

எனக்குப் பன்னிரண்டு வயதில் வகுப்பில் கண்ணனைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போட்டார்கள். கண்ணனின் பகுதியை நான் முழுவதும் படித்திருந்தேன், மற்றப் பிள்ளைகளுக்கு அடவு மறந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். கடைசியில் வகுப்பிலேயே நிறமான பிள்ளையைக் கண்ணனாக்கி அவள் முகத்துக்கும் கைக்கும் நீலம் பூசினார்கள். நான் காளிங்கன் பாம்பின் வால். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுப்பன் என்றுதான் பொருள், திரௌபதிக்கும் கிருஷ்ணை என்று ஒரு பெயர் இருக்கிறது, ராமனின் நிறத்தைச் சொல்லக் கம்பர் மையிடமும் மரகதத்திடமும் கடலிடமும் மழைமுகிலிடமும் போனார். இவ்வளவு கறுப்பு நிறைந்த கதைகளை ஆடும் கலையில் கறுத்த பிள்ளைக்கு இடம் பின்வரிசை என்றால் என்ன நியாயம்? இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அம்மா அன்று செய்ததை நான் இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். அழுதுகொண்டு வந்த என்னை வைத்துக்கொண்டு டீச்சருக்கு ஃபோன் எடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து, யாரும் இல்லாத நேரம் போய்க் கேட்டார்: "மிஸ், அடுத்த முறை முக்கியமான பாத்திரம் ஒன்று செய்வதற்குப் பிள்ளை எதையெல்லாம் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள், நான் வீட்டில் பயிற்சி கொடுக்கிறேன்." நிறம் என்ற சொல்லே அதில் இல்லை. அரைமண்டி (முழங்கால் மடித்து நிற்கும் நிலை) போதாது, தாளம் தளர்கிறது என்று பதில் வந்தால் அது உண்மையான பதில், அதில் வேலை செய்யலாம், பிள்ளை வளர்வாள். "அவள் நன்றாகத்தான் ஆடுகிறாள், ஆனால் பார்க்க…" என்று இழுத்தால், அப்போது நேராகக் கேட்கலாம். "பார்க்க என்றால் என்ன மிஸ்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம், அவரே நிரப்பட்டும். எங்கள் டீச்சர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வருடம் எனக்கு ஒரு பதம் (அபிநயத்துக்கான பாட்டு) தந்தார்.

ஆங்கில நாடகத்தில் இது வேறு வடிவத்தில் வரும். வேலைக்காரி, சூனியக்காரி, "உன் குரல் பலம், நீ மேடைக்குப் பின்னாலிருந்து வாசி." பெயரை மூன்று வருடமாகப் பிழையாகக் கூப்பிடுவார்கள். பெயரைத் திருத்துவதைப் பிள்ளைக்கே பழக்குங்கள், முதல் நாளே, சிரித்த முகத்தோடு, எத்தனை முறை வேண்டுமானாலும். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு "எனக்கும் அந்தப் பகுதியை வாசித்துக் காட்ட ஒரு சந்தர்ப்பம் தாருங்கள்" என்று கேட்பது பிறகு கஷ்டமாக இருக்காது.

வீட்டில்

பின்னறையில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட வீட்டில் நடப்பதுதான் அதிகம். அரங்கேற்றத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது மாமி ஒருவர் க்ரீம் டப்பாவோடு வருவார். அன்பினால்தான் வருவார். வாங்கி வைத்துவிடுங்கள், பூச வேண்டாம். தோலை வெளுக்கச் செய்வதாக விற்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. வேறு சிலவற்றில் ஸ்டெரொய்ட் மருந்து, தோல் மெலிந்து பருவும் தழும்புமாக வரும், அதன்மேல் மேடைப் பூச்சு நிற்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பா, யார் செய்தது என்று தெரியாத டப்பா, "ஏழு நாளில்" என்று எழுதிய டப்பா, எதுவும் பிள்ளையின் முகத்துக்குக் கிட்ட வரக்கூடாது. வெயிலில் விளையாடாதே, கறுத்துவிடுவாய் என்பதையும் நிறுத்துங்கள். தொப்பி போடு, வெயில் சுடும் என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் காப்பிலி என்று கூப்பிட்டார்கள், சுருட்டை முடியும் சேர்ந்துகொண்டதால். அது ஒரு மக்களுடைய பெயர் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இன்றும் இருக்கிறார்கள், மஞ்சா என்ற அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் இருக்கிறது. உங்கள் பிள்ளையை யாராவது அப்படிக் கூப்பிட்டு அழுதுகொண்டு வந்தால், "நீ அப்படி இல்லை அம்மா" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், அது அந்தச் சொல்லை வசவாகவே ஏற்றுக்கொள்வது. அவர்கள் யார் என்று சொல்லிக்கொடுங்கள், அவர்களுடைய பாட்டைக் கேட்க வையுங்கள்.

நம் பாட்டுகளிலிருந்தும் சொல்லலாம். சங்கப் பாட்டில் தலைவியின் மேனி அழகுக்கு மாமை என்று பெயர், மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டுப் பசலை படரும், அதாவது மேனி வெளிறும். வெளிறுவதுதான் அங்கே நோய். விரகத்தை அபிநயிக்கப் படிக்கும் வயது வந்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரியும், நான் பார்த்திருக்கிறேன்.

கறுப்பினப் பெண்களின் கதைகளைச் சொல்லும்போது வெற்றி பெற்றதை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். மிஸ்டி கோப்லண்ட் பதின்மூன்று வயதில்தான் பாலே தொடங்கினார், 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனப் பெண்ணானார், அந்த இடத்துக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் என் சிநேகிதியின் அம்மா எங்களுக்குச் சொன்னது ஜெனட் கொலின்ஸைப் பற்றி. பதினைந்து வயதில் பெரிய ரஷ்ய பாலே குழு ஒன்றுக்கு ஆடிக் காட்டப் போனார், எடுத்துக்கொள்கிறோம், ஆனால் முகத்துக்கு வெள்ளை பூச வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். 1951இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒப்பெராவில் ஆடினார், இடையில் கிட்டத்தட்ட இருபது வருடம். ரேவன் வில்கின்சன் 1955இல் பாலே ரூஸ் டி மொன்டி கார்லோ குழுவில் சேர்ந்து, அமெரிக்காவின் தெற்கு ஊர்களில் ஆபத்துக்குப் பயந்து வெளிர் பூச்சோடு ஆட வேண்டியிருந்தது. ஒருத்தி பூச மறுத்தாள், இன்னொருத்தி பூசிக்கொண்டு ஆடினாள். எங்கள் சமையலறையில் அந்த அம்மா இரண்டு பேரையும் ஒரே மரியாதையோடுதான் சொன்னார். யார் சரி என்று நாங்கள் இருவரும் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் வாதாடினோம், வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை.

விட்டுவிடலாமா என்று பிள்ளை கேட்டால்

கேட்பாள். நிறையப் பேர் பன்னிரண்டு பதின்மூன்றில் கேட்கிறார்கள். ஆட்டம் பிடிக்கவில்லையா, அந்த இடம் பிடிக்கவில்லையா என்று பிரித்துக் கேளுங்கள். ஆட்டமே பிடிக்கவில்லை என்றால் விடட்டும். இடம்தான் என்றால், பொறுத்துப் போ என்று சொல்லாமல் வேறு இடம் பாருங்கள், கட்டிய கட்டணம் போனால் போகட்டும். முடிந்தால் அவளைப் போல இன்னொரு பிள்ளை இருக்கும் வகுப்பாக. இரண்டு பேர் இருந்தால் கேலி ஒருத்தி மேலேயே விழாது, சாயம் போடுவதும் ஒரே சட்டியில் முடியும்.

என் சிநேகிதியின் குடும்பம் திரும்பிப் போன வருடம் நான் பாலேயை விட்டேன், பரதத்தை விடவில்லை. போகும்போது அவள் தன்னுடைய பழுப்பு சப்பாத்தை எனக்குத் தந்தாள், ஸ்பொஞ்சால் பூசிப் பூசி இரண்டு மில்லிமீற்றர் தடித்துப்போயிருந்தது. சலங்கைப் பூசைக்கு வந்த அந்தப் பிள்ளைக்குப் போன சனிக்கிழமை அதைக் காட்டினேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி அடியில் இளஞ்சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து, அம்மா வாங்கிக் கொடுத்த புதுப் போத்தலை எடுத்து, என் கையில் ஒரு கோடு பூசிப் பார்த்தாள். "உங்களுக்கும் இதுதான் அக்கா" என்றாள்.